கலங்கரை விளக்கமும் விண்மீன்களும்: ஓர் ஒளிப்பட வகை பற்றிய திறனாய்வு

கதிரவன் மறைந்தபின் எடுக்கப்பெறும் கலங்கரை விளக்க ஒளிப்படங்கள் இன்று எங்கும் மலிந்து காணப்படுகின்றன. நாட்காட்டி, வாழ்த்து அட்டை, பங்குத் திருவிழா மலரின் மேலட்டை, கைப்பேசித் திரை என எங்கு நோக்கினும் அமைப்பு ஏறத்தாழ ஒன்றேதான். கீழே கரும்பாறை, அதன்மேல் வெண்ணிறக் கோபுரம், கோபுர உச்சியில் பொன்னொளி, மேலே ஊதாவும் நீலமும் கலந்து பரந்து கிடக்கும் பால்வெளி. படத்தின் ஓரத்தில் ஒளியைப் பற்றிய ஓர் இறைவாக்கும் பல வேளைகளில் அச்சாகியிருக்கும்.

இப்படங்கள் அழகியவை என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் அழகியவை என்று கூறியவுடன் திறனாய்வின் கடமை முடிந்துவிடுவதில்லை. ஒரு படைப்பு எதைக் காட்டுகிறது, எதைக் காட்டாமல் விடுகிறது, விட்டதனால் பார்ப்போர் உள்ளத்தில் எத்தகைய கருத்தை விதைக்கிறது என்று கேட்பதே திறனாய்வு. இறைவாக்கோடு இணைத்து வைக்கப்படும் படமாயின் அக்கேள்வி மேலும் கூர்மை பெறுகிறது. அது நம் சுவரை மட்டும் அணிசெய்வதில்லை. நம் செபத்திற்குள்ளும் நுழைந்து, ஒளி என்றால் என்ன என்பதை நமக்குத் தெரியாமலே கற்பித்துவிடுகிறது.

சொல் தரும் பொருள்

கலங்கரை விளக்கம் என்பது நம் மொழியின் பழஞ்சொல். சிலப்பதிகாரத்திலேயே அது இடம்பெற்றுள்ளது. 'கரைதல்' என்பதற்கு அழைத்தல் என்பது பொருள். காக்கை கரைகிறது என்று நாம் கூறுவதும் அப்பொருளிலேயே. கலத்தைக் கரைந்து அழைக்கும் விளக்கு என்பதே கலங்கரை விளக்கம். பிற மொழிகள் பலவும் அதனை ஒளி இருக்கும் கட்டடம் என்றோ, கோபுரம் என்றோ வழங்கி அமைய, நம் முன்னோர் அதனை ஒரு குரலாகவே கேட்டனர் எனலாம்.

அழைப்பு என்றால் அழைக்கப்படுவோர் ஒருவர் இருக்க வேண்டும் அன்றோ? கரையில் நிற்பவரை நோக்கி அவ்விளக்கு ஏற்றப்படவில்லை. அலையின்மேல் இருப்பவர்க்காகவே ஏற்றப்பட்டது. அதன் அழைப்பும் எப்போதும் 'வருக' என்பதன்று. துறைமுக வாயிலில் நிற்கும் விளக்கு வருக என்கிறது. பாறைமேல் நிற்பதோ, 'இங்கே வாராதீர், விலகிச் செல்வீர்' என்கிறது. இரண்டும் அன்பின் மொழியே. இந்தக் குரலை இன்றைய ஒளிப்படங்கள் நமக்குக் கேட்கச் செய்கின்றனவா என்பதே நம் வினா.

படம் உருவாகும் முறை

இவ்வகைப் படங்கள் உருவாகும் விதத்தைச் சற்று அறிந்துகொண்டால் விடை தெளிவாகும். கதிரவன் மறைந்தவுடன் இரவு வந்துவிடுவதில்லை. வானியலார் அந்தியை மூன்று படிகளாகப் பகுப்பர். கதிரவன் தொடுவானத்திற்குக் கீழே 6 பாகை இறங்கும்வரை முதற்படி. 12 பாகைவரை இரண்டாம் படி. 18 பாகைவரை மூன்றாம் படி. அதன்பின்னரே முழு இருள். நம் தென்கடற்கரையில் இம்மூன்றும் கடந்துபோக ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம் ஆகும். ஸ்காத்லாந்து போன்ற வடபுலங்களில் கோடை நடுவில் முழு இருள் வருவதே இல்லை.

பால்வெளியைப் படமெடுக்க முழு இருள் வேண்டும், நிலவும் இருத்தலாகாது. கருவியை முக்காலியில் நிறுத்தி, அகன்ற பரப்பைக் காட்டும் வில்லையைப் பொருத்தி, ஷட்டரை ஏறத்தாழ 20 விநாடி திறந்து வைப்பர். அதனினும் நெடுநேரம் திறந்தால் விண்மீன்கள் புள்ளிகளாக நில்லாமல் கோடுகளாக நீளும்; ஏனெனில் பூமி நான்கு நிமிடத்திற்கு ஒரு பாகை வீதம் சுழன்றுகொண்டே இருக்கிறது. படச்சுருள் காலத்தில் அதன் ஒளியுணர்வு குறைவாதலால், பலர் ஷட்டரை மணிக்கணக்கில் திறந்துவைத்து, துருவ விண்மீனைச் சுற்றி வட்டமிடும் கோடுகளையே படமாக்கினர். இன்றைய டிஜிட்டல் கருவியோ சில விநாடிகளிலேயே மங்கிய விண்மீனையும் பற்றிக்கொள்கிறது.

இங்கேதான் இடர்ப்பாடு எழுகிறது. விண்மீனின் மங்கிய ஒளிக்கு ஏற்பத் திறக்கப்பட்ட ஷட்டர், கலங்கரை விளக்கின் பேரொளியைத் தாங்காது. கோபுர உச்சி முழுவதும் வெண்மையாய்க் கரைந்துபோகும். விளக்குக்கு ஏற்பச் சுருக்கினாலோ விண்மீன்கள் மறைந்துபோகும். ஆகவே பலர் இரு வேளைகளில் இரு படங்கள் எடுக்கின்றனர். அந்தியின் நீல ஒளியில் கோபுரத்தையும் பாறையையும் ஒரு படம். நள்ளிருளில் வானத்தை மற்றொரு படம். பின்னர்க் கணினியில் இரண்டையும் ஒன்றாக இணைக்கின்றனர். வண்ணத்தையும் கூட்டுகின்றனர். மங்கிய ஒளியில் மனிதக் கண் நிறத்தை உணர்வதில்லை. பால்வெளி நமக்கு வெளிறிய வெண்மையாகவே தெரியும். அதனாலன்றோ அதற்குப் பால் என்னும் அடை வந்தது! படத்தில் காணும் ஊதாவும் செம்மையும் எவர் கண்ணும் நேரிற் காணாதவை.

கொர்துவான் கூறும் பாடம்

கலங்கரை விளக்கத்தின் இயல்பை உணர, பிரான்சு நாட்டின் கொர்துவான் விளக்கத்தைச் சான்றாகக் கொள்வோம். ஜிரோந்து ஆற்றின் கழிமுகத்திற்கு வெளியே, கரையிலிருந்து ஏறத்தாழ 7 கிலோ மீட்டர் தொலைவில், அலைகள் மூடித் திறக்கும் பாறைத் திட்டின்மீது அது நிற்கிறது. 1584இல் லூயி தெ ஃபுவா என்னும் கட்டடக் கலைஞர் தொடங்கிய பணி 1611இல் நிறைவுற்றது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதன் உயரம் மேலும் கூட்டப்பட்டது. கத்தோலிக்கராகிய நாம் அதைச் சிறப்பாக நினைப்பதற்கு ஒரு காரணமும் உண்டு. அக்கோபுரத்தின் உள்ளேயே, இரண்டாம் தளத்தில், அன்னை மரியாவின் பெயரால் ஒரு சிற்றாலயம் அமைந்துள்ளது. ஒளி எரிந்தது மேலே. செபம் எழுந்தது அதற்குக் கீழே. 2021இல் யுனெஸ்கோ நிறுவனம் அதனை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

1823இல் ஃபிரெனெல் என்னும் இயற்பியல் அறிஞர் தாம் வகுத்த புதிய வில்லையை முதன்முதலாகப் பொருத்தியது இக்கோபுரத்திலேதான். ஒரு பெரும் கண்ணாடிக் கட்டியாக அமையாமல், வளையம் வளையமாக அடுக்கப்பட்ட பட்டகங்களால் ஆகியது அவ்வில்லை. நாற்புறமும் சிதறி வீணாகும் விளக்கொளியை அது திரட்டிக் கடலை நோக்கிச் செலுத்தியது. ஃபிரெனெல் 1827இல், 39 வயதிலேயே மறைந்தார். அவர் வகுத்த வழி உலகக் கடற்கரைகள் எங்கும் பரவி எண்ணற்ற உயிர்களைக் காத்தது.

கொர்துவானின் ஒளி இன்று எவ்வாறு பேசுகிறது என்பதே நாம் சிறப்பாகக் கவனிக்க வேண்டியது. ஒவ்வொரு கலங்கரை விளக்கத்திற்கும் தனக்கென ஒரு தாளக்கட்டு உண்டு. மாலுமி அத்தாளத்தை எண்ணி, 'இது இன்ன விளக்கம், நாம் இன்ன இடத்தில் இருக்கிறோம்' என்று அறிகிறார். கொர்துவானின் தாளம் 12 விநாடி. அதற்குள் அவ்வொளி மும்முறை மறைகிறது. அடுத்தடுத்து இரு முறையும், சற்று இடைவிட்டு ஒரு முறையும். மற்ற நேரமெல்லாம் ஒளிர்கிறது. ஆகவே அங்கே அடையாளமாக அமைவது ஒளியன்று. ஒளிகளுக்கு இடையே வரும் சிறு இருளே. திசைக்கேற்ப அவ்வொளி வெள்ளை, சிவப்பு, பச்சை என நிறம் வேறுபட்டுத் தோன்றுகிறது. எந்த நிறம் தெரிகிறது என்பதைக் கொண்டு மாலுமி தம் கலம் எப்பக்கத்தில் நிற்கிறது என்று அறிகிறார்.

இத்தகைய விளக்கத்தை 20 விநாடி திறந்திருக்கும் ஷட்டரின் முன் நிறுத்துங்கள். மும்முறை மறைந்ததும் மும்முறை வெளிப்பட்டதும் ஒன்றாய்க் குழைந்து, அசையாத ஓர் ஒளிப்பொட்டாக மாறிவிடும். சுழலும் விளக்காயின், கதிர்கள் பல ஒன்றன்மேல் ஒன்றாய்ப் பதிந்து, மயில் தோகைபோல் விரிந்த விசிறியாகிவிடும். கண்ணுக்கு விருந்துதான். ஆனால் மாலுமி எண்ணிக் கணித்த தாளம் அங்கே இல்லை. கரைந்து அழைத்த குரல் ஊமையாகிவிட்டது. முகவரி எழுதிய மடலின் முகவரியை அழித்துவிட்டு, தாளின் நிறத்தைப் புகழ்வது போன்றதே இது.

ஒரு மறுப்பும் அதற்கு விடையும்

'கலை என்பது உள்ளதை உள்ளவாறே படியெடுப்பதா? கலைஞனுக்கு உரிமை இல்லையா?' என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வியே. வின்சென்ட் வான்கோ 1888இல் ஆர்ல் நகரில் ரோன் ஆற்றங்கரையின் இரவுக் காட்சியைத் தீட்டினார். ஆற்றின் தென்மேற்குப் புறத்தை நோக்கி வரைந்த அவ்வோவியத்தின் வானத்தில், வடபுலத்தில் மட்டுமே தெரியும் ஏழு விண்மீன் கூட்டத்தை அவர் வைத்தார். வானத்தை இடம் மாற்றியது குற்றம் என்று எவரும் அவரைப் பழிப்பதில்லை. சமயத்தின் தேவை தம்மை மிகவும் வருத்துவதாகவும், அவ்வேளைகளில் விண்மீன்களைத் தீட்ட இரவில் வெளியே செல்வதாகவும் அவர் தம் தம்பிக்கு எழுதினார். அந்த வேட்கை ஓவியத்தில் மறைவின்றித் தெரிகிறது.

ஒளிப்படக் கலையிலும் இதற்கு ஒப்பான சான்று உண்டு. அமெரிக்கக் கலைஞர் ஆன்செல் ஆதம்சு 1941இல் நியூ மெக்சிகோவின் ஹெர்னாந்தசு சிற்றூரில், மறையும் கதிரொளி கல்லறைத் தோட்டத்துச் சிலுவைகளின்மீது படிந்திருக்க, மேலே நிலவு எழுந்து நின்ற காட்சியைப் பதிவு செய்தார். ஒளிமானியைத் தேடி எடுக்கவும் பொழுதில்லை. நிலவின் ஒளியளவு தமக்கு நினைவில் இருந்ததனால் அதைக் கொண்டே கணக்கிட்டார். ஒரே படச்சுருள், மறுபடி எடுப்பதற்குள் சிலுவைகளின்மீதிருந்த ஒளி மறைந்துவிட்டது. பிற்காலத்தில் அதனை அச்சிடும்போதெல்லாம் வானத்தை அவர் மேலும் மேலும் கருமையாக்கினார். அதுவும் ஒரு மாற்றமே.

எனவே, மாற்றியமைத்தல் தன்னளவில் பிழை என்று நாம் கூறவில்லை. எதை நோக்கி மாற்றுகிறோம் என்பதே வேறுபாடு. வான்கோ வானத்தை மாற்றியது தம் உள்ளத்தின் தாகத்தைக் கூற. ஆதம்சு இருளைக் கூட்டியது, சிலுவைகளின்மீது நின்ற அச்சிறு ஒளியின் அருமையை நாம் உணர. நம் நாட்காட்டிப் படங்களோ இருளைக் குறைத்து, நிழலின் ஒவ்வொரு மூலையிலும் ஒளியேற்றி, பாறையும் புல்லும் பளிச்சிடச் செய்கின்றன. அத்தகைய படத்தில் கலங்கரை விளக்கத்திற்கு வேலையே இல்லை. எல்லாம் தெரியும் இடத்தில் விளக்கு எதற்கு?

இன்னொன்றும் கூற வேண்டும். ஓவியத்தைக் காண்போர், இது ஒருவர் தீட்டியது என்று அறிந்தே காண்கின்றனர். ஒளிப்படத்தைக் காண்போரோ, இது ஒரு வேளையில் ஓரிடத்தில் நிகழ்ந்தது என்று நம்பிக் காண்கின்றனர். இரு வேளைகளை இணைத்தவர் அதனைப் படத்தின் கீழ் ஒரு வரியில் கூறிவிட்டால் குறை நீங்கும். நேர்மையான கலைஞர் பலர் அவ்வாறே கூறுகின்றனர். அவ்வரியை நீக்கிவிட்டு, அங்கே இறைவாக்கை அச்சிடும் நம் இதழ்களும் மலர்களுமே சிந்திக்க வேண்டும். உண்மையே உருவானவரின் சொல்லுக்கு, உண்மை மறைக்கப்பட்ட படம் துணையாகலாமா?

கடல்மேல் இருப்பவர்

இவ்வகைப் படங்கள் மறக்கும் மற்றொன்று, கடலில் இருக்கும் மனிதர். படத்தின் நோக்கு எப்போதும் கரையிலிருந்தே அமைகிறது. பார்ப்பவர் காய்ந்த நிலத்தில் நின்று விளக்கை வியக்கிறார். விளக்கை நம்பியிருப்பவர் சட்டத்திற்கு வெளியே இருக்கிறார்.

தமிழகக் கடற்கரை இறைமக்களுக்கு இது வெறும் கலைக் கேள்வியன்று. தூத்துக்குடி மறைமாவட்டத்து மணப்பாட்டில், கடலுக்குள் நீண்டு நிற்கும் மணற்குன்றின்மீது திருச்சிலுவை ஆலயமும் கலங்கரை விளக்கமும் அருகருகே நிற்கின்றன. 1540இல் புயலில் சிக்கிக் கரைசேர்ந்த போர்த்துக்கீசியக் கப்பலின் தலைவர், உடைந்த பாய்மரத்தைக் கொண்டு அக்குன்றில் சிலுவை நாட்டினார் என்பது வழிவழி வரும் செய்தி. இரண்டாண்டுகளுக்குப் பின் அங்கு வந்த புனித பிரான்சிஸ் சவேரியார் குன்றின் குகையில் தங்கிச் செபித்தார். கொர்துவானில் கோபுரத்திற்குள் ஆலயம். மணப்பாட்டில் ஆலயத்தின் அயலிலே கோபுரம். இரண்டும் கடலிலிருந்து நோக்குவோர்க்கெனவே எழுந்த அடையாளங்கள்.

ஆலய முகட்டையும் அதன் பின்னே தெரியும் மலையையும் ஒரே நேர்கோட்டில் வைத்துத் தாம் இருக்கும் இடத்தை அறிவது நம் மீனவர் கண்ட கலை. ஒளிப்படக் கலைஞரும் கோபுரத்தையும் பால்வெளியையும் ஒரே கோட்டில் வைக்க மணிக்கணக்கில் காத்திருக்கிறார். இருவர் செயலும் தோற்றத்தில் ஒன்றே. ஒருவர் அழகை நாடுகிறார். மற்றவர் வீடு திரும்பும் வழியை நாடுகிறார். இவ்விரண்டாம் மனிதரை நினைந்து முதல்வர் படமெடுத்தால், அப்படம் எவ்வளவு ஆழம் பெறும்!

2017ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலில் கன்னியாகுமரி மாவட்டக் கடலோர ஊர்களிலிருந்து சென்ற மீனவர் நூற்றுக்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை. ஆழ்கடலில் நெடுந்தொலைவு சென்றிருந்த அவர்களுக்குக் கரையின் எந்த விளக்கும் எட்டவில்லை. வேளையோடு எச்சரிக்கையும் எட்டவில்லை. அதன்பின்னும் நம் ஊர்களில் கலங்கரை விளக்கப் படத்தை மாட்டி, 'ஒளி இருக்கிறது, அஞ்சற்க' என்று எளிதாகக் கூறிவிட முடியுமா? ஒளியின் எல்லையையும் காட்டுகிற படமே அந்த இல்லங்களின் சுவரில் தொங்கத் தகுதி உடையது. ஒளி எட்டாத இடமும் உண்டு என்று ஒப்புக்கொள்ளும் கலையே, அவ்விடத்திற்கும் இறைவன் வருவார் என்னும் நம்பிக்கையைப் போலியின்றிப் பேச முடியும்.

இருளுக்கும் ஓர் உரிமை

இப்படங்கள் இவ்வளவு விரும்பப்படுவதற்கு ஒரு துயரமான காரணமும் உண்டு. மின்விளக்குகளின் மிகுதியால் இன்று உலக மாந்தருள் மூன்றில் ஒரு பங்கினர் தாம் வாழும் இடத்திலிருந்து பால்வெளியைக் காண இயலாது என்று 2016இல் வெளியான அறிவியல் ஆய்வு ஒன்று கூறிற்று. ஆபிரகாம் எண்ணிப் பார்க்க அழைக்கப்பட்ட விண்மீன்களை நம் பிள்ளைகள் தாளில் காண்கின்றனர். ஏக்கம் மெய்யானது. ஆனால் மிகையான ஒளியால் இழந்ததை மிகையான ஒளியூட்டிய படத்தால் ஈடுசெய்ய இயலாது. அப்படம் நம்மை மாடிக்கோ மணல்வெளிக்கோ அனுப்ப வேண்டும். அதன்முன்பே நிறைவுகொண்டு நின்றுவிடச் செய்தால் அதனால் இழப்பே மிகும்.

திருச்சபை தொன்றுதொட்டு அன்னை மரியாவைக் கடலின் விண்மீன் என்று அழைத்து வருகிறது. 12ஆம் நூற்றாண்டில் புனித பெர்நார்து, சோதனை அலைகளில் தத்தளிப்போர் அந்த விண்மீனை நோக்குமாறு மறையுரையில் வேண்டினார். விண்மீனுக்குப் பொருள் அலையில் தத்தளிப்பவரிடம் இருக்கிறது என்பதை அவர் மறக்கவில்லை. திருமுழுக்கு யோவானைப் பற்றி நற்செய்தி கூறுவதும் நினைக்கத்தக்கது. அவர் ஒளி அல்லர். ஒளிக்குச் சான்று பகர வந்தவர். கலங்கரை விளக்கமும் அத்தகையதே. அது தன்னைப் பார்க்கச் சொல்வதில்லை. தன்னைக் கொண்டு வழியைப் பார்க்கச் சொல்கிறது. தன்னையே பார்க்கச் சொல்லும் ஒளியாக அதனை மாற்றும் படம், நல்லதோர் உவமையைத் தலைகீழாக்குகிறது.

ஏற்ற வேளை

அவ்வாறாயின் எத்தகைய படத்தை நாம் விரும்புகிறோம்? அதற்கும் அந்தியே விடை தருகிறது. மூன்று படிகளில் நடுவான இரண்டாம் படியைக் கடலோடிகளின் அந்தி என்பர். அப்போது தொடுவானக் கோடும் தெரியும். ஒளிமிக்க விண்மீன்களும் தோன்றும். இரண்டும் ஒருங்கே தெரியும் அச்சிறு பொழுதில்தான் மாலுமிகள் கோணமானியைக் கொண்டு விண்மீனின் உயரத்தை அளந்து தம் இருப்பிடத்தைக் கணித்தனர். முழு இருளில் தொடுவானம் மறைந்துவிடும். முன்னதாகவோ விண்மீன் தெரியாது. நம் கடற்கரையில் அது ஏறத்தாழ 25 நிமிடமே நீடிக்கும்.

அவ்வேளையில் விளக்கும் ஏற்றப்பட்டிருக்கும். ஷட்டர் நெடுநேரம் திறந்திருக்கத் தேவையில்லை; விளக்கின் ஒளியும் வெளிறிப்போகாது. இரு வேளைகளை இணைக்க வேண்டியதும் இல்லை. தொடுவானம், விளக்கு, முதல் விண்மீன்கள் சில ஆகியவை மட்டுமே அப்படத்தில் இருக்கும். பால்வெளி இராது, ஊதா வண்ணமும் இராது. தாளத்தையும் காட்ட விரும்புவோர், விளக்கு ஒளிர்ந்தபோது ஒன்றும் மறைந்தபோது ஒன்றுமாக இரு படங்களை அருகருகே வைக்கலாம். அவற்றைக் காண்போர், இருண்ட படத்தில் நின்று ஒளி திரும்பி வரக் காத்திருக்கக் கற்றுக்கொள்வர். கடலில் இருப்பவர் ஒவ்வோர் இரவும் செய்வது அதுவே.

நம் ஊர்களில் ஏறத்தாழ அவ்வேளையை ஒட்டியே ஆலய மணி ஒலித்து மாலைச் செபத்திற்கு அழைக்கிறது. படகுகள் சில அப்போதுதான் கரையை விட்டுப் புறப்படுகின்றன. அடுத்த ஆண்டு நாட்காட்டிக்குப் படம் தேர்வோர், அப்படகில் இருப்பவர் எதைக் காண்பார் என்று ஒரு கணம் எண்ணிப் பார்த்துத் தேர்வார்களாக.